மூணு தீவாளி அம்மா

என் கையில் அஞ்சலை அக்கா இருந்தாள். எனக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் பொம்மைகளின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளும் அஞ்சலை அக்காதான். கையில் இருந்தவளுக்கு இன்னும் கண் எழுதவில்லை.

ஒரு ஜாண் உயரம். முதல் சூட்டில் வெந்து வந்த நிறம். உடைத்த தேங்காயின் உட்புறம் மாதிரி வெளுப்பு. தலையில் துண்டு, இடது கையில் ஒயர் கூடை. வலது கை மட்டும் ஈ ஓட்டுவதுபோல வெளியே வீசியிருந்தது. அந்தக் கை அச்சில் சிக்கி உடைந்துகொண்டே இருந்ததால், தனியாக வார்த்து ஈரம் காய்வதற்குள் தோளில் ஒட்டியிருந்தார்கள். கிட்டே பார்த்தால் தழும்பு மாதிரி ஒட்டு தெரியும்.

அக்கா வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னா செல்வி, என் மூக்கு இவ்ளோ பெருசா?"

"உன்னோடத வுட சின்னதுதான்க்கா. மொதலாளி பாவம் பாத்து கொறச்சிருக்காரு."

சூளையடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு எழுந்து, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"பொம்மைய போட்டுக்குங்க மொதலாளி. நான் வேணான்னு சொல்லல. ஆனா முதுவுல நான் சொல்றத எழுதணும்" என்றாள்.

என்ன எழுதச் சொன்னாள் என்பதற்கு முன்னால், ஒரு பொம்மைக் கம்பெனியில் பாதம் துடைக்கிறவளுக்கு ஏன் பொம்மை செய்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கும் முன்னால் அவள் பிள்ளையைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் நேர்வழியில் எந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்தவள் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த வாரப் பத்திரிகைகளிலும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களின் வாயிலும்தான்.

சாப்பிடப் போனவன்

அஞ்சலை அக்காவுக்கு ஒரே பிள்ளை, பிரபு. கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் போய்விட்டார். வளர்ந்ததும் எங்கள் கம்பெனியிலேயே சூளையில் சரக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். என்னை 'அத்தே' என்று கூப்பிடுவான். டீ வாங்கப் போனால் எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்ல மறக்கமாட்டான்.

பொம்மையை கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கியதும் அப்படியே சூளைப் பலகையில் வைத்துவிடக் கூடாது. பாதத்தில் இருக்கும் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் அது கண்ணாடியாக உருகி, பொம்மையும் பலகையும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் பிரபு என்ன ஞாபகத்தில் இருந்தானோ, ஓர் அடுக்கு முழுக்கத் துடைக்காமல் ஏற்றிவிட்டான். சூளையைத் திறந்தபோது ஒரு யானைக் கூட்டமே பலகையில் வேர்விட்டு நின்றது. சுத்தியால் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. பிரித்ததில் யானை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

முதலாளி கத்தினார். அது வழக்கம். அவரை முந்திக்கொண்டு அஞ்சலை அக்கா ஓடி வந்து கத்தினாள். அது வழக்கமில்லை. அடுத்தவர் கை ஓங்குவதற்குள் தானே ஒன்று போட்டுவிட்டால் பிள்ளைக்கு விழும் அடி குறையும் என்று தாய்மார்கள் போடுகிற கணக்கு அது.

"திங்கறதுக்கு மட்டும் கை நீளுது, தொடைக்கறதுக்கு நீள மாட்டேங்குதாடா?" என்று கேட்டாள்.

சூளையடியே சிரித்தது. லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். பிரபு யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த துணியை நான்காக மடித்து, பலகை ஓரத்தில் வைத்தான். அவன் அதை வீசி எறிந்திருந்தால் மறுநாள் வந்திருப்பான். மடித்து வைத்ததுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

"சாப்புட்டு வரேன்" என்றான். போனான்.

அவ்வளவுதான். போன் அணைந்து கிடந்தது. சொந்தக்காரர் வீடுகளில் கேட்டோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். வயசுப் பையன், கோபம் தணிந்தால் வந்துவிடுவான் என்றார்கள். திருப்பூர் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறு ஞாயிறு அக்கா பஸ் ஸ்டாண்டில் போய், மேற்கேயிருந்து வரும் வண்டிகள் நிற்கும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். கம்பெனியில் பாதம் துடைக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மைக்

அப்போது ஒரு பெரிய நடிகரின் படம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தள்ளிக்கொண்டே போனது. யூடியூப்காரர் ஒருவர் மைக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, படம் எப்போது வரும் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் துண்டும் மடியில் ஒயர் கூடையுமாக உட்கார்ந்திருந்த அக்காவிடமும் வந்தார். அவள் நடிகர் பெயரையே கேள்விப்படாத மாதிரி பார்த்ததால், பேச்சை மாற்றினார்.

"சரி, நீங்க யாருக்காகம்மா வெயிட் பண்றீங்க?"

"என் புள்ளைக்கு."

"எங்க போயிருக்காரு?"

"சாப்புட்டு வரேன்னு போனான்."

"போயி எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மூணு தீவாளி ஆயிடுச்சு" என்றாள். அவர் முகம் மாறுவதைப் பார்த்து, அவருக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரி கையை வெளியே வீசி, "வருவான். சாப்புட்டு வருவான்" என்றாள்.

அந்த யூடியூப் பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். அது சிரிப்பு வரும்படிதான் இருந்தது. நெஞ்சு அடைக்கும் விஷயத்தை அவள் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்று வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப் போன பேச்சு அது. வெட்டி எடுத்துப் போட்டால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டது. அந்த நடிகர் படத்துக்கு முதலில் ஒட்டினார்கள். பிறகு கரண்ட் போனால் அவள். ரோடு போடாவிட்டால் அவள். கடன் வாங்கியவன் போன் எடுக்காவிட்டால் அவள். ஆர்டர் பண்ணின பிரியாணி வராவிட்டால் அவள். வாட்ஸாப்பில் ஸ்டிக்கர், ஆட்டோ முதுகில் படம், பனியனில் படம். மூணு தீவாளி அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலேஜ் ஆண்டு விழாவில் ஒரு பெண் தலையில் துண்டு கட்டி, ஒயர் கூடையோடு மேடைக்கு வந்ததும், ஒரு வார்த்தை பேசுவதற்குள் விசில் பறந்ததாக என் அண்ணன் மகள் வந்து சொன்னாள். அந்த அம்மா இருப்பது எங்கள் பக்கத்துத் தெருவில் என்று தெரியாமலே சொன்னாள்.

வெள்ளரிப்பிஞ்சு மாமா

எங்கள் ஊரில் இதற்கு முன்னும் பேர் எடுத்தவர்கள் உண்டு. ஜங்ஷனில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஒரு மாமா இருந்தார். ரயில் நுழையும்போதே, "கடிச்சா சத்தம்! கடிக்கலன்னா வருத்தம்!" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார். 'சத்தம்' என்பதை இழுத்து, 'வருத்தம்' என்பதை வெட்டுவார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. பரீட்சையில் பெயில் ஆனவனைப் பார்த்து, காதலித்து மாட்டிக்கொண்டவனைப் பார்த்து, எல்லாரும் அதைத்தான் சொல்லிக் கத்துவார்கள். கல்யாண வீட்டில் ஊறுகாய் பரிமாறுகிறவர்கூட அந்த ராகத்தில்தான் கேட்பார்.

ஒரு தடவை காய்ச்சலில் அவர் சில நாள் வரவில்லை. ரயில் வந்தது, போனது, ஜங்ஷன் ஊமையாகக் கிடந்தது. கேலி பண்ணிய பையன்களே பிரட்டும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் போய்க் கதவைத் தட்டி என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதையேதான். அவர் உள்ளேயிருந்து ஈன சுரத்தில் பதில் கொடுத்தாராம்.

அவருடைய குரலை நகல் எடுத்தவர்கள் எல்லாருக்கும் அவர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. அஞ்சலை அக்காவின் கையை வீசிக்காட்டியவர்களுக்கு, அவளுக்கு ஒரு வீடு உண்டு என்பதே தெரியாது.

மூன்று கோடு

யாருக்குப் பொம்மை ஓடும், யாருக்கு ஓடாது என்பதில் எங்கள் முதலாளிக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்:

"மூணு கோட்டுல ஆளு தெரியணும். நாலாவது கோடு தேவப்படுதுன்னா அந்தாளு வெறும் மனுசன். பொம்மைக்கு ஆவ மாட்டான்."

அவர் சொன்னது பொய்யில்லை. நெற்றியில் விழும் ஒரு சுருள் முடியை வைத்தே ஒரு நடிகரை வருஷக்கணக்கில் விற்றிருக்கிறோம். முகம் யார் முகமாக இருந்தாலும் வாங்கிப்போனார்கள். ஒரு சின்னக் கட்சிக்காரர் தன் தலைவருக்குப் பொம்மை வேண்டும் என்று வந்தார். முதலாளி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு தொப்பியாவது போடச் சொல்லுங்க சார், அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அந்தத் தலைவர் அடுத்த மாதமே தொப்பி போட ஆரம்பித்தார் என்று கம்பெனியில் ஒரு பேச்சு. நான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு மூன்று கோடு இருந்தது. துண்டு, கூடை, வீசிய கை.

அன்று அவள் முதலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, கையில் இருந்த பொம்மைக்குக் கண் எழுதி முடித்ததும், கண்ணுக்குக் கீழே மெல்லிசாக ஒரு வளைவு இழுத்தேன். எதிரே இருப்பவளுக்கு அது உண்டு. மூன்று வருஷமாக ஆழமாகிக்கொண்டே வந்த கோடு. அது வந்ததும் பொம்மை சட்டென்று அவளாகிவிட்டது.

முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "செல்வி, இத அழிச்சிடு. அழுவற மாதிரி இருக்குது. யாரு வாங்கி ஷோகேஸ்ல வெப்பாங்க?"

ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். சிரிப்புப் பொம்மை ஆகிவிட்டது.

முதுகில் ஒரு வரி

இனி, அவள் முதலாளியிடம் போய் நின்ற இடத்துக்குத் திரும்புவோம். அவள் எழுதச் சொன்னது இதுதான்: 'பிரபு, வூட்டுக்கு வாப்பா.'

முதலாளி தலையைச் சொறிந்தார். "எதுக்குக்கா? காமெடி பொம்மையில போயி..."

"காமெடியா இருக்கட்டும் மொதலாளி. எதுவா வேணா இருக்கட்டும்."

அவர் சம்மதித்தார். மூல பொம்மையின் முதுகில் அந்த வரியைக் கீறி, அதிலிருந்து மறுபடி அச்சு எடுத்தார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் சொன்னாள்:

"ஊரு பூரா என்ன பாக்குது செல்வி. துபாயில இருக்கறவன் பாக்கறான், மெட்ராஸ்ல இருக்கறவன் பாக்கறான். எம்புள்ள கண்ணுல மட்டும் படாமயா போயிடும்? எதுனா ஒரு கடையில எடுத்துத் திருப்பிப் பாத்தான்னா போதும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யார் வந்து செல்ஃபி கேட்டாலும் அவள் ஏன் நிற்கிறாள், யார் கூப்பிட்டாலும் ஏன் போகிறாள், கையை வீசச் சொன்னால் ஏன் வீசுகிறாள் என்று. பேர் வந்ததும் கிழவிக்குத் தலைக்கனம் என்று கம்பெனியில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் தன் முகத்தை ஊர் ஊராக அனுப்பிப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

திருவிழாக் கடை

பொம்மை ஓடியது. ஓடுகிற பொம்மைக்கு எங்கள் தொழிற்பேட்டையில் என்ன நடக்குமோ அதுவும் நடந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர் எங்கள் பொம்மையைக் கடையில் வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்தார். மண் சூட்டில் சுருங்கும் பொருள். சுட்ட பொம்மையிலிருந்து அச்சு எடுத்து வார்த்துச் சுட்டால், வருவது ஒரு சுற்று சின்னதாகத்தான் வரும். அதிலிருந்து இன்னொருவர் அச்சு எடுத்தால் இன்னும் சின்னது. ஒவ்வொரு நகலிலும் கீறியிருந்த எழுத்துக்குள் கிளேஸ் புகுந்து, மேடு பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நிரவிப்போகும். எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் ஒருவருக்கும் அந்த வரி ஞாபகத்தில் இல்லை. முதுகை யார் பார்க்கிறார்கள்?

மாசி மகத்துக்கு அவளும் நானும் போயிருந்தோம். நல்ல வெயில். வெயிலுக்கு அவள் முந்தானையை முக்காடாக இழுத்திருந்தாள். துண்டும் இல்லை, கூடையும் இல்லை. மணிமுத்தாற்று மணலில் போட்டிருந்த கடை ஒன்றில் வளையல், ஊதல், சாவிக்கொத்துக்கு நடுவே கட்டைவிரல் உயரத்துக்கு அஞ்சலை அக்காக்கள் குவிந்து கிடந்தார்கள். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். முதுகு வழவழ என்று இருந்தது. விரலால் தடவினாள். இன்னொன்றை எடுத்தாள். அதில் மங்கலாக ஒரு பள்ளம் மட்டும்.

"வாங்கறதுன்னா வாங்கு, தடவித் தடவிப் பாக்காதக்கா" என்றார் கடைக்காரர்.

"இது யாருங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவர் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"யாருன்னு தெரியலியா? எந்த ஊரு நீ, போனே பாக்க மாட்டியா? மூணு தீவாளி அம்மா!"

"அவுங்க புள்ள வந்துட்டானாமா?"

"புள்ளயாவது ஒண்ணாவது. அது நடிப்புக்கா. மெட்ராஸ்ல செட் போட்டு எடுத்தது. அந்தம்மா இப்ப பங்களா வாங்கிடுச்சாம்."

"ஓ" என்றாள். பொம்மையை இருந்த இடத்திலேயே, மற்றப் பொம்மைகள் சாயாதபடி பார்த்து வைத்தாள். கூட்டத்தில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மங்கலம்பேட்டையில்

ஆனாலும் அவள் விடவில்லை. பொம்மை பேசாவிட்டால் தானே பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். முதல் வீடியோ எடுத்த யூடியூப் தம்பியே மனசு கேட்காமல் தேடி வந்து, "அம்மா, உண்மைய சொல்லி ஒரு வீடியோ போடலாம்" என்றார். போட்டார். அவள் கேமராவைப் பார்த்து, பிள்ளையின் அடையாளம் எல்லாம் சொல்லி, வந்துவிடு என்று அழுதாள். கீழே வந்த பதில்களை நான்தான் படித்துப் பார்த்தேன். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. 'பார்ட் டூ சூப்பர்.' 'அம்மா நடிப்பு வேற லெவல்.' ஒருவர் மட்டும், இது நிஜமா என்று கேட்டிருந்தார். அவரை எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணியிருந்தார்கள்.

"என்னா சொல்றாங்க செல்வி?" என்று கேட்டாள்.

"நிறைய பேரு பாத்திருக்காங்கக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு மங்கலம்பேட்டையில் ஒரு செல்போன் கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர். அவளை உட்காரவைத்து, "அம்மா, பிரியாணி சாப்ட்டுதான் போவணும்" என்று உபசரித்தார். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால், போனவர் வருவாரா மாட்டாரா என்று காத்திருப்பது என்னவென்று இந்தக் கூட்டத்துக்காவது தெரியும் என்று அவள் நம்பினாள். ரிப்பன் வெட்டியதும் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"எம்புள்ள பேரு பிரபுங்க. நான் திட்டிட்டேன்னு..."

முன்வரிசையில் ஒருவன், "எங்கம்மா போனான்?" என்று குரல் கொடுத்தான். கூட்டம் முழுக்க ஒரே வாயாக, கையை வெளியே வீசி, "சாப்புட்டு வருவான்!" என்றது. சின்னக் குழந்தைகள்கூட. கடைக்காரர் பதறி, "ஏய், பேச வுடுங்கடா, பேச வுடுங்கடா" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சினதற்கும் சிரித்தார்கள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லார் முகத்திலும் பிரியம். தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல அவளைப் பார்த்து, அவள் வாயிலிருந்தே அவள் பேச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். மைக் அவள் கையில் கொய் என்று கத்திக்கொண்டிருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

போன் வந்தது

போன் அவளுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. தெரியாத நம்பர். மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அத்தே, நான்தான்."

அந்த 'அத்தே'யை நான் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். "பிரபு! எங்கடா இருக்கற? இரு, அம்மாவ கூப்புடறன்..."

"கூப்புட்டா வெச்சிடுவன் அத்தே. நீங்க மட்டும் கேளுங்க."

நின்றேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கறன்னு சொல்லிடுங்க. வேல இருக்குது, தங்க எடம் இருக்குது."

"வூட்டுக்கு வாடா. உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "இங்க எவனாவது லேட்டா வந்தான்னா சூப்பர்வைசரு அம்மா மாதிரிதான் கைய வீசிக் காட்டறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சிரிக்கறன். சிரிக்கலன்னா ஏன்டா சிரிக்கலன்னு கேப்பாங்க. நான்தான் அந்தப் புள்ளன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது அத்தே."

ஈரக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"போன தீவாளிக்கு வந்துடலாம்னு கெளம்பினேன். அம்மாவுக்கு பொடவ எடுத்தேன். பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். பக்கத்து சீட்டுல ஒருத்தன் போன்ல அம்மாவ திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துக்கிட்டு வந்தான். எனக்கும் காட்டினான். பாருங்க ப்ரோ, செம காமெடின்னு. சேலத்துலியே எறங்கிட்டேன்."

"அவ உனக்காகத்தாண்டா அதெல்லாம் பண்றா. நீ பாக்கணும்னுதான்..."

"பாத்துட்டேனே. அந்த அழுவற வீடியோவும் பாத்தேன். அன்னிக்கி சூளையில ஒரு பத்து பேரு சிரிச்சாங்க. அதுக்கே எனக்கு நிக்க முடியல. இப்ப நான் பஸ்ஸ வுட்டு எறங்கினா, வந்துட்டான்டா வந்துட்டான்டான்னு அதையும் எடுப்பாங்க. சாப்ட்டியான்னு கேப்பாங்க. சாவற வரைக்கும் கேப்பாங்க."

"அப்ப எப்பதான்டா வருவ?"

"அம்மாவ எங்கியும் போவ வேணான்னு சொல்லுங்க. ஜனங்க மறந்துட்டா வரேன்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த வாரமும்.

நான் சொன்னேன்

சொல்லலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். பிறகு வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நல்லா இருக்கிறான் என்றபோது மடியில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே அணைத்துக்கொண்டாள். சேலத்தில் இறங்கிவிட்டான் என்றபோது ஒரு சத்தம் வந்தது. அவள் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு கீரையை ஆய ஆரம்பித்தாள்.

"செல்வி, ஜனங்க ஒரு ஆள மறக்கறதுக்கு எவ்ளோ நாளு ஆவும்?"

"ஆயிடும்க்கா. அடுத்து வேற எதுனா வரும்" என்றேன்.

மறுநாள் கம்பெனிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தினாள். வெளியூரில் உன் தம்பி வீடு இருக்கிறதே, அங்கே போய் இரு என்றேன். "அவன் வந்தா கதவு பூட்டியிருக்குமே" என்றாள். முதலாளியிடம் சொல்லி அச்சை உடைக்க வைத்தேன். அவரும் கண் கலங்கி உடைத்தார். ஆனால் நகலின் நகல்கள் எத்தனை கம்பெனியில் இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. அவள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த மாதத்தில்தான் அவள் குரலை ஏதோ மிஷினில் போட்டுப் பாட்டாக்கி விட்டார்கள். அவள் இல்லாமலே அவள் நன்றாக ஓடினாள்.

இதை எழுத அவள்தான் சொன்னாள். "பத்திரிகையில எழுதறியே, எழுது. பேர மாத்திடு. நான் சொன்ன பேச்சையும் மாத்திடு. நான் இப்ப எங்கியும் போறதில்லன்னு அவனுக்குத் தெரியணும், அவ்ளோதான்." அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் கையில் இருந்தது கூடை இல்லை. அவள் சொன்னது தீபாவளியைப் பற்றியும் இல்லை. உங்கள் போனில் அவள் இருக்கலாம். அழித்துவிடுங்கள் என்று கேட்க ஆசைதான். ஆனால் யாரை என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? மறந்துவிடுங்கள் என்று சொல்வதற்கே அவளை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கடைசியாக அவளோடு பேசியது அன்றைக்குத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கிய என்னை நிறுத்தினாள்.

"செல்வி, நீ என்கூட பேசினா போறவங்க வர்றவங்க திரும்பிப் பாக்கறாங்க. உன் தொண்ட அப்புடி. நீயும் மறந்துடேன்."

"அக்கா, நான் எப்புடிக்கா..."

"எங்கியாவது ஒரு ஆளு ஆரம்பிச்சாதான ஆவும்?"

அதிலிருந்து ரேஷன் கடையில் எதிரெதிரே வந்தாலும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் என்னை யாரோ எவரோ மாதிரி தாண்டிப் போகிறாள். நன்றாகவே செய்கிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாக வரவில்லை.